அமெரிக்காவில் பேச்சு–மொழி நோயியல் முதுநிலைப் படிப்பு: வேறு துறையிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு ஒரு விரிவான பதில்

உளவியலில் இளநிலைப் பட்டமும், நான்குக்கு 3.3 என்ற ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) உள்ள ஒருவர், பேச்சு–மொழி நோயியலில் ஒரு பாடம்கூடப் படிக்காத நிலையில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அத்துறையின் முதுநிலைப் படிப்பில் சேர முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது, ஜிஆர்இ என்னும் முதுநிலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வை எழுத வேண்டுமா, நோக்க அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு மொழி தமிழ் என்பதால் ஆங்கில உச்சரிப்பு தடையாகிவிடுமோ என்ற கவலையும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. சேர முடியும். ஆனால் இந்தப் படிப்புக்கான போட்டி மற்ற முதுநிலைப் படிப்புகளின் போட்டியைப் போன்றது அன்று என்பதால், அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் உங்கள் மற்றக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் பேச்சு–மொழிச் சிகிச்சையாளராகப் பணியாற்ற முதுநிலைப் பட்டமே நுழைவாயில். இளநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உதவியாளராக இருக்கலாமே தவிர, நோயாளியைத் தாமே மதிப்பிட்டுச் சிகிச்சைத் திட்டம் வகுக்க இயலாது. ஆஷா என்று எல்லோரும் அழைக்கும் அமெரிக்கப் பேச்சு–மொழி–செவிப்புலச் சங்கம் வழங்கும் சிசிசி என்னும் தொழில்தகுதிச் சான்றிதழைப் பெற, மாணவர் 400 மணி நேர மருத்துவப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதில் 25 மணி நேரம் வழிகாட்டலுடன் கூடிய பார்வையிடல். எஞ்சிய 375 மணி நேரம் நோயாளியோடு நேரடியாகச் செய்யும் பணி. அந்தப் பணியின்போது, ஒவ்வொரு நோயாளியோடும் மாணவர் செலவிடும் நேரத்தில் குறைந்தது 25 விழுக்காட்டையாவது சான்றிதழ் பெற்ற ஒருவர் நேரடியாகக் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. ஒரு வகுப்பறையில் இருபது நாற்காலிகளைக் கூடுதலாகப் போட்டுவிடலாம். ஆனால் இருபது மாணவர்களுக்கு வேண்டிய நோயாளிகளையும் மேற்பார்வையாளர்களையும் மருத்துவமனை இடங்களையும் அப்படிக் கூட்டிவிட முடியாது. இடங்கள் குறைவாக இருப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

எனவே சேர்க்கைக் குழுவினர் உங்கள் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போது, இவர் அறிவாளியா என்பதைவிட, முதல் பருவத்திலேயே ஒரு குழந்தையின் முன்னாலோ பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் முதியவரின் முன்னாலோ இவரை உட்காரவைக்கலாமா, மேற்பார்வையாளர் சொல்லும் திருத்தத்தை இவர் ஏற்றுக்கொள்வாரா, இரண்டு ஆண்டும் தாக்குப்பிடித்துப் படிப்பை முடிப்பாரா என்பதையே பார்க்கிறார்கள். மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், நோக்க அறிக்கை, நேர்காணல் ஆகிய அனைத்தும் இந்தக் கேள்விக்கான சான்றுகளே. ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் ஈடுகட்டலாம். ஆனால் எல்லாவற்றிலும் ஆர்வத்தை மட்டும் காட்டி, ஆயத்தத்தை எங்குமே காட்டாத விண்ணப்பம் தேறுவதில்லை.

இனி, உங்கள் பின்னணி. உளவியல் படித்தவர் என்பதில் ஒரு சாதகம் இருக்கிறது. ஆஷா சான்றிதழுக்கு நான்கு அடிப்படைப் பாடப்பிரிவுகள் தேவை: உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் அல்லது நடத்தை அறிவியல். இவற்றில் கடைசி இரண்டும் பெரும்பாலும் உங்கள் பட்டத்திலேயே அடங்கியிருக்கும். புள்ளியியல் தனிப் பாடமாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்; ஆய்வு முறையியல் பாடத்தில் நான்கு வாரம் புள்ளியியல் படித்தது கணக்கில் வராது. உயிரியலும் அப்படித்தான்: பேச்சு உறுப்புகளின் உடற்கூறியலைப் படித்துவிட்டு அதையே உயிரியலாகக் காட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பொதுவாக அது செல்லாது. மனிதர் அல்லது விலங்கு சார்ந்த பொது உயிரியல் பாடம் ஒன்று தனியே வேண்டும். இயற்பியலும் வேதியியலும் இல்லையென்றால் சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஒரே பருவத்தில், குறைந்த செலவில் முடித்துவிடலாம். இவற்றைச் சேர்ந்த பிறகும் படித்துக்கொள்ளச் சில பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. ஆயினும் முன்னரே முடித்தவரின் விண்ணப்பம் குழுவினருக்கு ஒரு தலைவலியைக் குறைக்கிறது.

பெரிய இடைவெளி துறைசார்ந்த இளநிலைப் பாடங்களில்தான் இருக்கிறது. ஒலிப்பியல், பேச்சு மற்றும் செவிப்புலனின் உடற்கூறியல், குழந்தையின் மொழி வளர்ச்சி, பேச்சு அறிவியல், செவிப்புலவியல் அறிமுகம், செவிப்புல மறுவாழ்வு, நரம்பியல் அடிப்படைகள் ஆகியவற்றை ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏதோவொரு சேர்க்கையில் எதிர்பார்க்கின்றன. இந்த முன்தேவைப் பாடங்களைப் படிக்கும் கட்டத்தை லெவலிங் என்கிறார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, விண்ணப்பிக்கும் முன்பே இப்பாடங்களைத் தனியாகப் படிப்பது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம், வர்ஜீனியாவின் லாங்வுட் பல்கலைக்கழகம், கிழக்கு நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் போன்றவை வேறு துறையினருக்காக இவற்றை இணையவழியில் நடத்திவருகின்றன. இரண்டாவது, வேறு துறையினரை நேரடியாகச் சேர்த்துக்கொண்டு, முதல் ஓராண்டை முன்தேவைப் பாடங்களுக்கு ஒதுக்கும் நீட்டிக்கப்பட்ட முதுநிலைப் படிப்பில் சேர்வது. இரண்டாண்டுப் படிப்பு அப்போது மூன்றாண்டாகும்.

உங்கள் நிலையில் நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன். இரண்டாவது வழியில் உங்கள் 3.3 மட்டும்தான் குழுவின் முன் இருக்கும். முதல் வழியிலோ அந்த எண்ணையே நீங்கள் மாற்றலாம். 120 கிரெடிட்டில் (பாட அலகில்) 3.3 எடுத்தவர், லெவலிங் பாடங்களாக 30 கிரெடிட்டைப் படித்து அவற்றில் 3.9 எடுத்தால், மொத்தச் சராசரி 3.42 ஆகிறது. பெரிய ஏற்றமாகத் தோன்றாது. ஆனால் பல துறைகள் கடைசி 60 கிரெடிட்டின் சராசரியையும் தனியே பார்க்கின்றன. இளநிலையின் இறுதி ஆண்டில் நீங்கள் 3.5 எடுத்திருந்தால், அந்த 30-உம் புதிய 30-உம் சேர்ந்து 3.7 என்ற எண்ணைத் தரும். அத்துடன், 3.9 வாங்கியது இதே துறையின் பாடங்களில் என்பது மூன்றாண்டுக்கு முன் சமூக உளவியலில் வாங்கிய பி-யைவிட வலுவாகப் பேசும். சேர்க்கப்படுவோரின் சராசரி பல இடங்களில் 3.5-ஐத் தாண்டியே நிற்கிறது என்பதும், 3.0 என்று அறிவிக்கப்படும் குறைந்தபட்சம் விண்ணப்பத்தை வாசிக்கவைக்கும் எல்லையே அன்றி இடம் பெற்றுத்தரும் எல்லை அன்று என்பதும் நினைவிருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. லெவலிங் என்றால் எளிய பாடங்கள் என்ற எண்ணத்தோடு, முழுநேர வேலையையும் வைத்துக்கொண்டு ஒரே பருவத்தில் ஐந்து பாடங்களை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒலிப்பியலிலும் பேச்சு அறிவியலிலும் சறுக்குகிறார்கள். பேச்சொலியைப் படமாகக் காட்டும் அலைநிறமாலையைப் படித்து உயிரொலிகளை அடையாளம் காண்பதற்கும், பேச்சைக் கேட்டவாறே பன்னாட்டு ஒலிப்பு எழுத்தில் பதிவதற்கும் தினசரிப் பயிற்சி வேண்டும். முந்தைய நாள் இரவு படித்துத் தேறக்கூடிய பாடங்கள் அல்ல இவை. குழுவினரும் முதலில் கண்ணோட்டுவது இந்தப் பாடங்களின் மதிப்பெண்மீதுதான்.

ஜிஆர்இ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020-க்குப் பிறகு ஏராளமான துறைகள் அதைக் கைவிட்டன. சில விருப்பத்துக்கு விட்டுள்ளன. இன்னும் கேட்பவையும் உண்டு. நீங்கள் விரும்பும் எட்டுப் பத்து இடங்களின் பட்டியலைத் தயாரித்தபின், அதில் எத்தனை ஜிஆர்இ கேட்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் கேட்டால், அந்தத் தேர்வுக்குச் செலவிடும் மூன்று மாதத்தை லெவலிங் பாடங்களுக்கோ பார்வையிடல் நேரத்துக்கோ கொடுப்பதே நல்லது.

பட்டியலைத் தயாரிப்பது பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலான தோல்விகள் இங்குதான் தொடங்குகின்றன. முதல் சல்லடை அங்கீகாரம். ஆஷாவின் கீழ் இயங்கும் சிஏஏ என்ற கல்வி அங்கீகாரக் குழுவின் அங்கீகாரமோ, புதிய படிப்பானால் அதே குழு வழங்கும் கேண்டிடசி என்னும் முன்-அங்கீகார நிலையோ இல்லாத படிப்பை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். அதில் பெறும் பட்டம் சான்றிதழுக்குச் செல்லாது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் தன் மாணவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் சான்றிதழுக்கான பிராக்சிஸ் தேர்வில் தேறினார்கள் என்ற மூன்றாண்டு விவரத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். படிப்பை முடிப்போர், பிராக்சிஸில் தேறுவோர் ஆகிய இரண்டிலும் 80 விழுக்காடு என்பது சிஏஏ வைத்திருக்கும் எல்லை. அந்த எல்லையை ஒட்டித் தடுமாறும் படிப்புகளை ஐயத்தோடு அணுகுங்கள். ஆனால் 97-க்கும் 100-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்துத் தரம் பிரிக்காதீர்கள். முப்பது பேர் கொண்ட வகுப்பில் அது ஒரே ஒரு மாணவர்.

ஆஷாவின் எட்ஃபைண்ட் தேடுதளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்கு இடம் அளிக்கப்பட்டது, எத்தனை பேர் சேர்ந்தனர், அவர்களின் ஜிபிஏ எந்த வரம்பில் இருந்தது என்ற விவரங்கள் கிடைக்கும். இதைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு துறைக்கு 400 பேர் விண்ணப்பித்து 35 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்; வாய்ப்பு ஒன்பது விழுக்காடுகூட இல்லை என்று மனம் தளர்வது இயல்பு. ஆனால் அந்த 35 பேரைப் பெற அத்துறை 100 பேருக்கு இடம் அளித்திருக்கக்கூடும், ஏனெனில் அதே மாணவர்கள் வேறு ஐந்தாறு இடங்களிலும் தேர்வாகியிருப்பார்கள். பார்க்க வேண்டிய விகிதம் இடம் அளிக்கப்பட்டோருக்கும் விண்ணப்பித்தோருக்கும் உள்ளதே. அந்த எடுத்துக்காட்டில் அது நான்கில் ஒன்று. அதோடு ஜிபிஏ வரம்பின் கீழ்முனையையும் பாருங்கள். சராசரி 3.7 ஆனாலும் கீழ்முனை 3.2 என்றால், அக்குழு எண்ணைத் தாண்டிப் படிக்கிறது என்று பொருள். கீழ்முனையே 3.6 என்றால் உங்கள் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள்.

தரவரிசைப் பட்டியல்களுக்கு நான் அதிக மதிப்புத் தருவதில்லை. வேண்டர்பில்ட், அயோவா, வாஷிங்டன், நார்த்வெஸ்டர்ன் ஆகியவை பட்டியல்களின் உச்சியில் இருப்பதற்கு அவற்றின் ஆராய்ச்சி வலிமை பெருங்காரணம். முனைவர் பட்டம் நாடுபவருக்கு அது முக்கியம். சிகிச்சையாளராகப் பணியாற்ற விரும்புபவருக்கோ, எல்லா அங்கீகாரம் பெற்ற படிப்புகளும் ஒரே சான்றிதழுக்கே இட்டுச்செல்கின்றன. வேலைக்கு எடுப்பவர்களும் எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்பதையே கூடுதலாகக் கேட்கிறார்கள். மருத்துவமனைப் பணியில் உறுதியாக இருப்பவருக்கு, வாஷிங்டன் பல்கலைக்கழகம் போல மருத்துவப் பிரிவுக்கென்றே தனிப் படிப்பு வைத்திருக்கும் இடங்களும், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து கிளைத்த எம்ஜிஹெச் கல்வி நிறுவனம் போன்றவையும் பொருத்தமாக இருக்கலாம். பள்ளிகளில் பணியாற்ற விரும்பினால் உங்கள் மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகமே போதும். இத்துறையினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளி சார்ந்த பணியில்தான் இருக்கிறார்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் சிஎஸ்டிகாஸ் என்ற பொதுத் தளத்தின் வழியாகவே செல்கிறது. கோடையில் திறக்கும்; கடைசித் தேதிகள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிதறிக் கிடக்கும். இந்தத் தளத்தில் நேரத்தைத் தின்னும் பகுதி பாடப் பதிவு. நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பாடத்தையும், மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே, பருவம், குறியீடு, தலைப்பு, கிரெடிட், மதிப்பெண் என்று கையால் உள்ளிட வேண்டும். பட்டியலில் சுருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும் தலைப்பை நீங்கள் முழுப்பெயராக விரித்து எழுதத் தேவையில்லை. கோடைப் பருவத்தில் எடுத்த பாடத்தை இலையுதிர்ப் பருவத்தின் கீழ் போட்டுவிட்டால் சரிபார்ப்பவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். ஒரு பாடத்தைத் திரும்பப் படித்திருந்தால், உங்கள் கல்லூரி பழைய மதிப்பெண்ணை நீக்கியிருந்தாலும், இத்தளம் இரண்டையும் சேர்த்தே சராசரி எடுக்கும். எனவே உங்கள் பட்டியலில் 3.3 என்றிருப்பது இங்கே சற்றுக் குறைந்து வரலாம், முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல்கள் கல்லூரிகளிலிருந்து நேராகச் சென்றுசேரவும், சரிபார்ப்பு முடியவும் வாரக்கணக்கில் ஆகும். சில துறைகள் கடைசித் தேதிக்குள் சமர்ப்பித்தால் போதும் என்கின்றன. சில, சரிபார்ப்பே முடிந்திருக்க வேண்டும் என்கின்றன. வேறொரு நாட்டில் பட்டம் பெற்றவர்கள் டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் பாடவாரியான அறிக்கையையும் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆவணம் வரவழைப்பதே தனி வேலை என்பதால் கோடையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று. அவற்றில் குறைந்தது இரண்டு உங்களை வகுப்பில் கண்ட ஆசிரியர்களிடமிருந்து வர வேண்டும். அதிலும் ஒருவர் லெவலிங் பாடம் நடத்தியவராக இருப்பது நல்லது. இணையவழிப் பாடத்தில் இருநூறு பேரில் ஒருவராக இருந்துவிட்டு, இறுதியில் கடிதம் கேட்டால், ‘இவர் என் பாடத்தில் ஏ பெற்றார்’ என்ற ஒருவரிதான் கிடைக்கும். அது ஏற்கெனவே மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. பாடம் தொடங்கிய இரண்டாம் வாரத்திலிருந்தே ஆசிரியரின் ஆலோசனை நேரத்துக்குச் செல்வதும், ஒலிப்பெழுத்துப் பயிற்சியில் செய்த பிழைகளைக் கொண்டுபோய்க் கேட்பதும் வெறும் நல்லெண்ணம் தேடும் செயல்கள் அல்ல. திருத்தத்தை ஏற்று அடுத்த வாரம் மேம்பட்டுக் காட்டினார் என்று அந்த ஆசிரியர் எழுதினால், நான் மேலே சொன்ன அந்தக் கேள்விக்கு நேரடியான விடை அது. மூன்றாவது கடிதம் நீங்கள் பணியாற்றிய இடத்தின் மேலாளரிடமிருந்து வரலாம். கடிதத்தைப் பின்னர் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தளத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லையெனில் எழுதுபவரும் தயங்குவார், படிப்பவரும் ஐயுறுவார்.

பார்வையிடல் நேரம் 25 மணி என்று சொன்னேன். அது ஆஷா சான்றிதழ் பெற்ற ஒருவரின் வழிகாட்டலில், பார்த்ததைப் பற்றி அவரோடு உரையாடும் வாய்ப்போடு அமைய வேண்டும். முதுநிலையில் சேர்ந்தபின்னும் முடிக்கலாம் என்றாலும், முன்னரே முடித்திருக்க வேண்டும் என்று கேட்கும் துறைகளும் உண்டு. மணிக்கணக்கைக் காட்டிலும், குறிப்பேட்டில் நீங்கள் என்ன எழுதிவைக்கிறீர்கள் என்பதே நோக்க அறிக்கைக்குச் சோறு போடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு உதவியாளராகப் பணியாற்றுவது, அஃபேசியா என்னும் மொழியிழப்பு உள்ளோரின் ஆதரவுக் குழுக்களில் தன்னார்வத் தொண்டு செய்வது, பல்கலைக்கழக ஆய்வகத்தில் பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கம் செய்வது ஆகியவையும் மதிப்புள்ளவை. இருபது இடங்களில் இரண்டிரண்டு மணி நேரம் செலவிட்டதைவிட ஓரிடத்தில் ஓராண்டு நின்றது நன்றாகப் படிக்கப்படும்.

நோக்க அறிக்கைக்கு வருகிறேன். குழுவில் சில ஆண்டுகள் அமர்ந்து படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பான்மை அறிக்கைகள் ஒன்றுபோலவே தொடங்குகின்றன. சிறுவயதிலிருந்தே பிறருக்கு உதவும் விருப்பம், பேசாதவருக்குக் குரல் கொடுக்கும் கனவு, தம்பிக்கோ பாட்டிக்கோ பேச்சு வந்தபோது குடும்பம் கண்ணீர்விட்ட காட்சி. இவை பொய் அல்ல. ஆனால் நாற்பதாவது அறிக்கையில் இதையே படிப்பவருக்கு, எழுதியவரைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. உதவ விரும்புவதைக் காட்டிலும், சிகிச்சையில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டுகொள்ளும் கண் உங்களுக்கு இருக்கிறதா என்பதைக் காட்டுங்கள்.

எடுத்துக்காட்டாக, பக்கவாதத்துக்குப் பின் அஃபேசியாவால் சொற்களை இழந்த ஒருவரின் அமர்வை நீங்கள் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். கோப்பையின் படத்தைச் சிகிச்சையாளர் காட்டுகிறார். அவருக்குச் சொல் வரவில்லை. ‘சிகிச்சையாளர் பொறுமையோடும் பரிவோடும் நடந்துகொண்டார், அது என்னை நெகிழவைத்தது’ என்று எழுதினால் அது யாரும் எழுதக்கூடியது. அதே அமர்வை வேறுவிதமாகப் பார்க்கலாம். சிகிச்சையாளர் உடனே உதவவில்லை. பத்து நொடிவரை அமைதியாகக் காத்திருந்தார். பிறகு, ‘காலையில் இதில்தான் காப்பி குடிப்பீர்கள்’ என்று பொருள்சார்ந்த குறிப்பைத் தந்தார். அதற்கும் வராதபோது சொல்லின் முதல் ஒலியை மட்டும் உதட்டில் காட்டினார். உடனே சொல் முழுதாக வந்தது. மனைவி அருகிலிருந்து சொல்ல வாயெடுத்தபோது, கையமர்த்தி நிறுத்தினார். இவற்றைக் கவனித்து, சொல் அழிந்துவிடவில்லை, அதை அடையும் வழிதான் தடைபட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியதையும், குறிப்பு எந்த வரிசையில் தரப்பட்டது, ஏன் அந்த வரிசை என்று அமர்வுக்குப் பின் நீங்கள் கேட்டதையும் எழுதினால், படிப்பவர் உங்களை ஏற்கெனவே ஒரு மாணவராகவே காணத் தொடங்கிவிடுவார். நோயாளியை அடையாளம் காட்டும் விவரம் எதையும் சேர்க்காதீர்கள். அதைச் சேர்க்கும் அறிக்கை, அந்தரங்கக் காப்பு புரியாதவர் என்று உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குறைந்த மதிப்பெண்ணைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். இரண்டு வாக்கியத்தில் எழுதலாம்: என்ன நடந்தது, பின்னர் என்ன மாறியது. மூன்றாவது வாக்கியம் சாக்காகப் படிக்கப்படும். உளவியலிலிருந்து ஏன் மாறுகிறீர்கள் என்பதை மட்டும் தயங்காமல் விளக்குங்கள்; மாறியதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். நினைவு, கவனம், நடத்தை மாற்றம் ஆகியவற்றைப் படித்தது அறிவாற்றல் சார்ந்த தொடர்புக் கோளாறுகளில் உங்களுக்கு ஒரு படி முன்னே நிற்க உதவும். மூளைக்காயம் பெற்றவரின் கவனக்குறைவுக்குச் சிகிச்சை தருவதும் இத்துறையின் பணிதான். கடைசிப் பத்தியை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே எழுதுங்கள். அப்பத்தியில் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றினாலும் பொருள் கெடாமல் இருந்தால், அது இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

உச்சரிப்பு பற்றிய கவலைக்குத் தெளிவான விடை இருக்கிறது. அயல் உச்சரிப்போடு ஆங்கிலம் பேசுவோர் இத்துறையில் படிப்பதையும் பணியாற்றுவதையும் பற்றி ஆஷா 1998-லேயே தன் நிலையை வெளியிட்டது: தேவையான அறிவும், மதிப்பிடும் திறனும், சிகிச்சைக்கு வேண்டிய ஒலியை முன்மாதிரியாகச் செய்துகாட்டும் திறனும் இருந்தால், உச்சரிப்பு தடையாகாது. வ, ப என்னும் ஒலிகளை வேறுபடுத்தக் கற்கும் குழந்தைக்கு அந்த ஒலிகளை உங்களால் துல்லியமாக ஒலித்துக்காட்ட முடிய வேண்டும். சாதாரண உரையாடலில் உங்கள் பேச்சின் ஏற்ற இறக்கம் தமிழாக இருப்பது குற்றமன்று. சொல்லப்போனால் இருமொழித் திறன் ஒரு பலம். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தையின் ஆங்கிலத்தில் காணப்படுவது கோளாறா, அல்லது முதல்மொழியின் தாக்கமா என்று பிரித்தறிவது இத்துறையின் அன்றாடச் சிக்கல். தமிழ்க் குழந்தை சொல்லின் தொடக்கத்தில் அதிரொலியை (b, d, g போல் குரல்நாண் அதிரும் ஒலியை) மாற்றிச் சொல்வதற்கான காரணத்தை உங்களால் ஒரு நொடியில் ஊகிக்க முடியும். அதை அறிக்கையில் ஒரு பத்தியாகவே எழுதலாம்.

நேர்காணல் இருந்தால் பெரும்பாலும் குறுகியது. சில இடங்களில் கேள்வி திரையில் தோன்ற, உங்கள் விடையை ஒளிப்பதிவாக அனுப்ப வேண்டியிருக்கும். விமர்சனத்தை எப்படி ஏற்றீர்கள், குழுவில் முரண்பாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்ற வகைக் கேள்விகளே அதிகம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கூறுபவருக்குக் குறைவு வந்து நான் பார்த்ததில்லை.

பணத்தைப் பற்றி நேராகப் பேச வேண்டும். மருத்துவப் பயிற்சி சார்ந்த முதுநிலையில் முழு உதவித்தொகை அரிது. பகுதிநேர உதவியாளர் பணி கிடைத்தால் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும். குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் நம்பியிருந்த கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்குக் கிடையாது. முதுநிலை மாணவருக்கான மத்திய அரசு நேரடிக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டது. ஆகவே மாநிலத்தவருக்கான கட்டணம் பெறும் வாய்ப்புள்ள பல்கலைக்கழகங்களை முன்னைவிட அதிகமாக உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பட்டம் பெற்றபின் சிசிசி சான்றிதழுக்கு 1,260 மணி நேர கிளினிக்கல் ஃபெல்லோஷிப் என்னும் மேற்பார்வையுடன் கூடிய பணிக்காலத்தை முடிக்க வேண்டும். முழுநேரமானால் அது குறைந்தது 36 வாரம். இத்துறை ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பத் துறைகள்) பட்டியலில் இல்லாததால், ஓபிடி என்னும் படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி 12 மாதமே, அதிலும் வேலையின்றி இருக்கக்கூடிய நாள்கள் 90 மட்டுமே. எனவே பட்டமளிப்புக்கு முன்பே வேலையை உறுதிசெய்துவிட வேண்டும். பிறகு ஹெச்-1பி பணி விசாவுக்குச் செல்லும்போது விசாஸ்கிரீன் என்ற சுகாதாரப் பணியாளர் சான்றிதழும் கேட்கப்படும்.

முடிவுகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வரும். ஏப்ரல் 15 பல பல்கலைக்கழகங்கள் விடை எதிர்பார்க்கும் நாள். காத்திருப்புப் பட்டியல் அந்த நாளையொட்டித்தான் வேகமாக நகரும். அப்பட்டியலில் இருந்தால், வசந்தப் பருவ மதிப்பெண்ணோ புதிய அனுபவமோ சேர்ந்தவுடன் ஒரு சிறு கடிதம் அனுப்புங்கள். வாரந்தோறும் தொலைபேசியில் கேட்பது உதவாது.

இரண்டு இடங்கள் கிடைத்து எதைத் தேர்வது என்ற நல்ல சிக்கல் வந்தால், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யுமாறு துறையைக் கேளுங்கள். அவரிடம், வெளிப்பயிற்சி இடங்களைத் துறையே தேடித்தருகிறதா, மாணவரே தேட வேண்டுமா, மருத்துவமனை இடம் கேட்ட எல்லோருக்கும் கிடைத்ததா, விழுங்குதல் கோளாறு, திக்குவாய், குரல் ஆகியவற்றில் நோயாளிகளை நேரில் பார்க்க முடிந்ததா, 375 மணி நேரம் உரிய காலத்தில் முடியாமல் யாரேனும் ஒரு பருவம் கூடுதலாகத் தங்க நேர்ந்ததா என்று கேளுங்கள். இணையவழிப் படிப்பானால் இக்கேள்விகளை இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும், ஏனெனில் அங்கே பயிற்சி இடம் உங்கள் ஊரிலேயே அமைய வேண்டும். நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் மாணவரைச் சேர்க்க அப்பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டா என்பதையும், அம்மாநில உரிமத்துக்கு அப்பட்டம் செல்லுமா என்பதையும் முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.